இருக்கை வழியே ஏறும் அதிர்வு

கேள்வி: எனக்கு வயது 43. 19 ஆண்டுகளாகப் பொக்லைனும் புல்டோசரும் ஓட்டுகிறேன். சில மாதங்களாக இடுப்பு வலி. காலையில் குனிய முடிவதில்லை. இரவில் காதுக்குள் ரீங்காரம் கேட்கிறது. 'உட்கார்ந்து பார்க்கிற வேலைதானே, இதில் உடம்புக்கு என்ன வந்தது?' என்கிறார்கள் வீட்டில். தொழிலை விட்டுவிட வேண்டுமா?

பதில்: உட்கார்ந்து பார்க்கிற வேலையாக இருப்பதுதான் இதில் சிக்கலே. நிற்பவரின் முழங்கால்கள் குலுக்கலில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ளும். உட்கார்ந்திருப்பவருக்கு அது இருக்கை வழியே நேராக முதுகெலும்பில் ஏறுகிறது. உட்கார்ந்த நிலையில் நம் முதுகெலும்பு நொடிக்கு ஏறத்தாழ 4 முதல் 6 முறை நிகழும் மேல்கீழ் அசைவுக்கு மிக எளிதாக ஒத்ததிரும்; அதாவது, அந்த வேகத்தில் குலுக்கினால் அதுவும் சேர்ந்து அதிர்ந்து குலுக்கலைப் பெருக்கும். கரடுமுரடான தரையில் ஓடும் இயந்திரங்களின் அதிர்வும் பெரும்பாலும் இந்தத் தாழ்ந்த வேகத்தை ஒட்டியே அமைவதால், முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் ஆண்டுக்கணக்கில் நசுங்கி நசுங்கித் தேய்கின்றன. அவற்றுக்கு நேரடி இரத்த ஓட்டம் மிகக் குறைவு என்பதால் பழுது ஆறுவதும் மெதுவாகத்தான். இது கற்பனையான அச்சம் அன்று: ஐரோப்பிய ஒன்றியம் 2002லேயே, 8 மணி நேர வேலைக்கு உடல் முழுவதும் தாக்கும் அதிர்வு (முடுக்கமாக அளக்கும்போது) நொடி வர்க்கத்துக்கு 0.5 மீட்டரைத் தாண்டினால் நடவடிக்கை எடுக்க வேண்டும், 1.15 மீட்டரைத் தாண்டவே கூடாது என்று விதித்தது.

தொழிலை இப்போதே விட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். முதலில் புல்டோசரைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் நின்று மண் வெட்டும் பொக்லைனைவிட, தரையில் ஓடிக்கொண்டே வேலை செய்யும் புல்டோசரில் குலுக்கல் பொதுவாக அதிகம். அடுத்து இருக்கையைப் பாருங்கள். அதிலுள்ள எடைத் திருகை உங்கள் எடைக்குத் திருத்தாமல், முன்பு ஓட்டியவர் விட்ட நிலையிலேயே ஓட்டுபவர்கள்தான் அதிகம். அப்படி ஓட்டினால் நல்ல இருக்கையும் அடிவரை இறங்கி இடிக்கும். பள்ளம் மேட்டில் வேகத்தைக் குறைப்பதும், ஓட்டும் தடத்தை அவ்வப்போது சமன்செய்வதும் எந்தத் தைலத்தையும்விடப் பலன் தரும். நெடுநேரம் ஓட்டிய பின் கேபினிலிருந்து குதிக்காதீர்கள், இறங்கியவுடன் பாரமும் தூக்காதீர்கள்; களைத்த தசைகளால் அப்போது முதுகைக் காக்க முடியாது.

காதைப் பொறுத்தவரை நான் இவ்வளவு நிதானமாக இல்லை. 85 டெசிபல் இரைச்சலில் 8 மணி நேரம் என்பதே பரவலாக ஏற்கப்பட்ட எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது. ஒலியால் நிரந்தரமாகக் கெட்ட கேட்கும் திறன் திரும்பாது. கேபின் கதவை மூடி, காதடைப்பான் அணிந்து ஓட்டுங்கள்; இந்த மாதமே கேட்கும் திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

முதுகை எலும்பு மருத்துவரிடம் காட்டும்போது உங்கள் தொழிலையும் ஆண்டுகளையும் மறவாமல் சொல்லுங்கள். காலில் வலுக் குறைந்தாலோ, தொடைகளுக்கு இடையே மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.