55 சிசி பெட்ரோல் இன்ஜினுக்கு எந்தப் புரொப்பெல்லர்?

கேள்வி: பைப்பர் கப் என்ற சிறு விமானத்தை மூன்றில் ஒரு பங்கு அளவில் கட்டிய பறக்கும் மாடல் வைத்திருக்கிறேன். எடை 11 கிலோ. இப்போது புதிதாக 55 சிசி டூ-ஸ்ட்ரோக் பெட்ரோல் இன்ஜின் பொருத்தியிருக்கிறேன். கையேட்டில் 22×8, 22×10, 23×8 என்று மூன்று அளவுகள் போட்டிருக்கிறார்கள். எந்த விமானத்துக்கு எது என்று சொல்லவில்லை. கூடப் பறக்கவிடும் நண்பர், "24×10 போடு, இழுவை கூடும்" என்கிறார். எதை வாங்கலாம்? மரமா, கார்பன் ஃபைபரா?

பதில்: 23×8, மரத்தில் செய்தது. கூடவே 22×8 அளவில் இன்னொரு மரப் புரொப்பெல்லரும் வாங்கிவிடுங்கள்; ரன்னிங்-இன் (புது இன்ஜின் ஓடிப் பழகும் ஆரம்பக் காலம்) முடியும்வரை இன்ஜினில் அதுதான் இருக்க வேண்டும். 24×10 வேண்டாம். நண்பர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆனால் அந்த அளவில் கூடப்போவது இழுவை இல்லை, இன்ஜின் சூடுதான்.

22×8 என்பதில் 22 விட்டம், 8 பிட்ச். இரண்டும் அங்குலக் கணக்கு. காற்றில் நழுவல் எதுவும் இல்லையென்றால் ஒரு சுற்றுக்கு 8 அங்குலம் முன்னேறும் என்று பொருள். இந்த இரண்டு எண்களும் இன்ஜின் மேல் ஏற்றும் சுமை ஒரே மாதிரி இருக்காது. ஒரே சுழற்சி வேகத்தில் சுற்றத் தேவையான திறன், பிட்ச் கூடும் அதே விகிதத்தில் கூடும்; விட்டத்துக்கோ நான்காம் அடுக்கில் கூடும். தோராயக் கணக்குதான், ஆனால் தேர்வு செய்யப் போதும். இதன்படி 22-ஐ 23 ஆக்கினால், ஒரே ஓர் அங்குலத்துக்குச் சுமை சுமார் 19 சதவீதம் ஏறுகிறது. 8 பிட்சை 10 ஆக்கினால் 25 சதவீதம். இரண்டையும் ஏற்றி 24×10-க்குப் போனால் 77 சதவீதம்!

இன்ஜினிடம் அவ்வளவு திறன் இல்லை. அதனால் அது செய்யக்கூடியது ஒன்றுதான்: சுழற்சியைக் குறைத்துக்கொள்ளும். 22×8-ஐ நிமிடத்துக்கு 7,000 சுற்று சுற்றும் இன்ஜின், 23×8-ஐ சுமார் 6,500-லும் 22×10-ஐ சுமார் 6,400-லும் சுற்றும். 24×10 போட்டால் 5,400 பக்கம் வந்து நின்றுவிடும். இழுவிசை சுழற்சியின் இருமடிப் பெருக்கத்தைச் சார்ந்தது என்பதால், பெரிய விட்டத்தால் கிடைத்த லாபத்தைக் குறைந்த சுழற்சி முழுதாகச் சாப்பிட்டுவிடுகிறது. கணக்குப் போட்டால் 24×10-ன் இழுவிசை 22×8-ஐவிடக் குறைவாகவே வருகிறது. அதைவிட எனக்குக் கவலை இன்ஜினைப் பற்றித்தான். டாப் கியரிலேயே மேடு ஏறும் மோட்டார் சைக்கிள் திணறுவதுபோல், த்ராட்டில் முழுதாகத் திறந்திருக்கும், சுற்று மட்டும் ஏறாது. பிஸ்டன் சூடேறும், தட்டல் சத்தம் வரும். இழந்த சுற்றை மீட்க, கார்புரேட்டரில் பெட்ரோல் வரத்தைக் கட்டுப்படுத்தும் ஊசியை இறுக்கிக் கலவையை மெலிதாக்கத் தோன்றும். அப்படிச் செய்தால், எண்ணெயும் பெட்ரோலோடு கலந்தே வருகிற இந்த இன்ஜினில் மசகும் குறையும். நல்ல இன்ஜின்கள் பல இப்படித்தான் போகின்றன.

பெரிய வட்டம் மெதுவாகச் சுற்றுவது நல்லது என்று நண்பர் நினைப்பதில் ஓர் உண்மை இருக்கிறது. 1903-ல் ரைட் சகோதரர்கள் சுமார் 12 குதிரைத்திறன் இன்ஜினை வைத்துக்கொண்டு, 8.5 அடி விட்டமுள்ள இரண்டு புரொப்பெல்லர்களைச் சுற்றினார்கள். மெதுவாகப் பறக்கும் விமானத்துக்கு நிறையக் காற்றை மெதுவாகப் பின்னால் தள்ளுவதே சிக்கனம். ஆனால் அவர்கள் இன்ஜினுக்கும் புரொப்பெல்லருக்கும் நடுவே சங்கிலி வைத்துச் சுழற்சியைக் குறைத்தார்கள். இன்ஜின் தனக்குப் பிடித்த வேகத்தில் ஓடியது. உங்கள் புரொப்பெல்லர் நேராக கிராங்க் ஷாஃப்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. கையேட்டில் உள்ள அளவுகள் இந்தக் கட்டுப்பாட்டுக்குள் இன்ஜின் மூச்சுத் திணறாமல் ஓடும் அளவுகள். அந்தப் பட்டியலுக்கு வெளியே போகாதீர்கள்.

சரி, மூன்றில் எது? இங்கே விமானம்தான் முடிவு செய்ய வேண்டும். சுழற்சியைப் பிட்சால் பெருக்கி, அதை 0.001524-ஆல் பெருக்குங்கள், மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று பிட்ச் வேகம், அதாவது நழுவல் இல்லையென்றால் புரொப்பெல்லர் முன்னேறும் வேகம், கிடைக்கும். 22×8, 7,000 சுற்றில்: 85 கி.மீ. 23×8, 6,500-ல்: 79. 22×10, 6,400-ல்: 98 கி.மீ. பிட்ச் வேகம் விமானத்தின் ஸ்டால் வேகத்தைப்போல் (அதற்குக் கீழே போனால் இறக்கையால் விமானத்தைத் தாங்க முடியாது) இரண்டரை முதல் மூன்று மடங்கு இருந்தால் போதும் என்பது மாடல்காரர்களிடையே நெடுநாள் விதி. உங்கள் கப்பின் இறக்கைப் பரப்பு சுமார் 1.8 சதுர மீட்டர் இருக்கும். 11 கிலோ எடையில் அது மணிக்கு 31 கி.மீ. அருகே ஸ்டால் ஆகும். அப்படியானால் 78 முதல் 93 வரை போதும். 23×8 அந்த வரம்பின் கீழ்முனையில் வந்து பொருந்துகிறது, கப்புக்கு அதுவே அழகு. தடித்த இறக்கை, அதைத் தாங்கும் ஸ்ட்ரட்டுகள், பெரிய சக்கரங்கள் எல்லாம் காற்றை எதிர்த்துக்கொண்டிருக்கும்போது 22×10 தரும் கூடுதல் வேகத்தை அந்த விமானம் எட்டவே எட்டாது. இறங்கும்போது இன்னொரு நன்மையும் உண்டு: த்ராட்டிலை மூடியதும் பிட்ச் குறைந்த பெரிய வட்டம் பிரேக் போலப் பிடிக்கும். இந்த இன்ஜினைப் பின்னாளில் வழுவழுப்பான, வேகமான ஏரோபாட்டிக் (சாகசப் பறப்பு) விமானத்துக்கு மாற்றினால் 22×10 வாங்கலாம்.

வாங்குமுன் ஒரு அளவு எடுங்கள். வாலைத் தூக்கி, விமானம் நேராகப் பறக்கும் நிலையில் வைத்து, ஷாஃப்ட் நடுவிலிருந்து தரை எவ்வளவு தூரம் என்று பாருங்கள். 23-க்குப் பாதி பதினொன்றரை அங்குலம். புல்தரையில் ஓடுவதென்றால் அதற்குமேல் இரண்டு அங்குலமாவது வேண்டும். இடம் போதவில்லையென்றால் 21×8 மூன்று பிளேடு ஏறக்குறைய அதே சுமையைத் தரும். திறன் சற்றுக் குறையும், விலையும் எடையும் கூடும்.

மரமா கார்பனா என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. கார்பன் விறைப்பானது, சுமையில் வளையாது, வடிவம் மாறாது. போட்டிக்குப் பறப்பவர்களுக்கு அது தேவை. வால் சக்கரக் கப்பில் ஒருநாள் மூக்கு தரையில் குத்தத்தான் போகிறது. அப்போது மரம் உடைந்து கிராங்க் ஷாஃப்டைக் காப்பாற்றும். கார்பன் அந்த அடியைப் பெரும்பாலும் உள்ளே கடத்திவிடும். விளிம்பில் வெடிப்பு விழுந்த மரத்தை ஒட்டிப் போடாதீர்கள், எறிந்துவிடுங்கள்.

ஒரே 22×8 என்று அச்சிட்டிருந்தாலும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் பிளேடின் அகலமும் வடிவமும் வேறு. சில நூறு சுற்றுகள் வித்தியாசம் வரும். ஆகவே சுழற்சியை அளக்கும் டாக்கோமீட்டர் இல்லாமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். ரன்னிங்-இன் முடிந்தபின், விமானத்தைக் கட்டிவைத்து, பின்னால் நின்று அளந்து பாருங்கள். புரொப்பெல்லர் சுற்றும் வட்டத்தின் தளத்தில், அதாவது அதன் பக்கவாட்டில், நீங்களும் நிற்காதீர்கள், யாரையும் நிற்க விடாதீர்கள். ஒளி உணரும் டாக்கோமீட்டரைக் குழல்விளக்கு அடியில் நீட்டினால் விளக்கின் துடிப்பையே எண்ணிக் காட்டும். வெட்டவெளியில் அளப்பதே சரி. 23×8 தரையில் 6,200-க்குக் கீழே நின்றால் 22×8-க்குத் திரும்பிவிடுங்கள். 6,300-க்கும் 6,800-க்கும் நடுவே வந்தால் சந்தோஷமாகப் பறக்கவிடலாம். காற்றில் சுமை இறங்கி இன்னும் 5 முதல் 10 சதவீதம் ஏறும். புரொப்பெல்லரை மாற்றும்போதெல்லாம் கார்புரேட்டர் ஊசிகளையும் மறுபடி பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

பொருத்துவதில் அவசரம் கூடாது. போல்ட் துளைகளை அதற்கான வழிகாட்டிக் கட்டையை வைத்தே போடுங்கள். கண்ணளவில் போட்டால் மையம் விலகி அதிரும். சமநிலையைத் துளைக்கு முன்னும் பின்னும் பாருங்கள். ஒரு பிளேடு இலேசாக இருந்தால் அதன்மேல் கொஞ்சம் வார்னிஷ் பூசினால் சரியாகிவிடும். கையால் சுற்றி ஸ்டார்ட் செய்வதென்றால், கம்ப்ரெஷன் பிடிக்கும் இடத்தில் பிளேடு உங்கள் கைக்கு வாகான கோணத்தில் வருகிறதா என்று துளை போடுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். மரம் அமுங்கும்; முதல் ஓட்டம் முடிந்ததும் மறுபடி இறுக்கி, பிறகு ஒவ்வொரு நாளும் முதல் பறப்புக்கு முன் சரிபாருங்கள்.