பந்து நம்மகிட்டதான் இருக்கு, கோல் எங்கண்ணே?

வாசகர் கேள்வி பதில்

போன மாசம் ஃபுட்பால் மேனேஜர் கேம் பத்தி சும்மா ரெண்டு வரி எழுதினேன், அதுக்கு இவ்ளோ கேள்வி வரும்னு நினைக்கவே இல்ல, அதுலயும் பாதிக்கு மேல ஒரே புலம்பல்தான், பொசஷன் (பந்து நம்மகிட்ட இருக்கிற நேரம்) 65 சதவீதம் வச்சிருந்தேன் ஆனா தோத்துட்டேன்னு. சரி, இந்த வாட்டி முழுக்க அதுதான். கேம் தெரியாதவங்களுக்கு: இதுல பந்தை நாம உதைக்க மாட்டோம், மேனேஜர் மாதிரி வெளிய நின்னு ஆள் எடுக்கணும், ஃபார்மேஷன் போடணும், யார் எங்க ஓடணும்னு சொல்லணும், அப்புறம் நகத்தைக் கடிச்சிட்டு உக்காந்து பாக்கணும், அவ்ளோதான்.

கேள்வி: அண்ணே, எஃப்எம் 24ல (ஃபுட்பால் மேனேஜர் 2024) டிக்கி டாக்கா ஸ்டைல், அதான் குட்டிக் குட்டி பாஸா ஆடுறது, அதை எடுத்து 4-3-3 போட்டேன். பாஸிங் ரொம்ப ஷார்ட், டெம்போவையும் (பந்தை நகர்த்துற வேகம்) குறைச்சிட்டேன், ஒர்க் பால் இன்டு பாக்ஸும் ஆன். மேட்ச்சுக்கு 600 பாஸ் போகுது, ஆனா ஷாட் நாலஞ்சுதான், எதிர் டீம் பந்தைப் பறிச்சு ஒரே ஒரு கவுன்ட்டர்ல (திடீர் எதிர்த்தாக்குதல்) கோல் போட்டுட்டுப் போயிடுறான். கேம் ஏமாத்துதா?

பதில்: கேம் ஏமாத்தல தம்பி, நிஜத்துலயே இப்படித்தான் நடக்குது. 2018 வேர்ல்ட் கப், ஜூலை 1, மாஸ்கோல ஸ்பெயினும் ரஷ்யாவும். ஸ்பெயின் அன்னைக்கு ஆயிரத்துக்கு மேல பாஸ் போட்டாங்க, 120 நிமிஷம் ஆடியும் அவங்க கணக்குல இருந்த ஒரே கோல் ரஷ்யாக்காரர் இக்னாஷெவிச் மேல பட்டு உள்ள போன செல்ஃப் கோல், அதுவும் ஃப்ரீ கிக்ல வந்தது. 1-1, பெனால்ட்டில 4-3, ஸ்பெயின் ஊருக்குக் கிளம்பிட்டாங்க. சரி திருந்திருப்பாங்கன்னு பாத்தா 2022ல மொராக்கோ கூட திரும்பவும் ஆயிரம் பாஸ், 0-0, பெனால்ட்டில ஒண்ணுகூட உள்ள போகல. அதே வேர்ல்ட் கப்ல ஜப்பான் 18 சதவீதத்துக்கும் கம்மியான பொசஷனை வச்சிட்டு இதே ஸ்பெயினை 2-1 ஜெயிச்சாங்க. உன் லேப்டாப்ல நடக்குறதும் இதேதான், பந்து உங்கிட்ட இருக்கு, இடம் அவன்கிட்ட இருக்கு.

இப்ப உன் செட்டிங்கை பாப்போம். பாஸ் ரொம்ப ஷார்ட்டுன்னா பக்கத்துல நிக்கிறவனுக்கே குடுன்னு அர்த்தம். டெம்போ கம்மின்னா யோசிச்சு நிதானமா குடுன்னு அர்த்தம். ஒர்க் பால் இன்டு பாக்ஸ்னா தூரத்துல இருந்து அடிக்காத, அவசரமா கிராஸ் போடாத, இன்னும் நல்ல சான்ஸ் வரட்டும்னு அர்த்தம். மூணுமே ஒரே வார்த்தையைத்தான் சொல்லுது, பொறு பொறு பொறுன்னு. நீ பொறுக்கிற நேரத்துல எதிர் டீம்ல பத்து பேரும் பெனால்ட்டி பாக்ஸுக்கு முன்னாடி வந்து பாய் விரிச்சு உக்காந்துடுறான், அப்புறம் குண்டுச்சட்டியில குதிரை ஓட்ட வேண்டியதுதான். கேம்ல புள்ளிவிவரம் காட்டுற டேட்டா ஹப்ல பாஸ் மேப் (யார் யாருக்கு பந்து குடுத்தாங்கன்னு காட்டுற படம்) இருக்கும், அதைத் திறந்து பாரு, லெஃப்ட் பேக்ல இருந்து ரெண்டு சென்டர் பேக் வழியா ரைட் பேக் வரைக்கும் கோடு தடியா இருந்து, நடுவுல மேல போற கோடெல்லாம் நூல் மாதிரி மெலிசா இருந்தா அதுதான் நோய்.

மருந்து என்னன்னா, முதல்ல டெம்போவை நார்மலுக்குக் கொண்டா. பந்து வேகமா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போனாதான் எதிராளி நகருவான், நகர்ந்தாதான் ஓட்டை விழும். அதுவும் பத்தலன்னா ஒர்க் பால் இன்டு பாக்ஸை எடுத்துடு. பாஸிங் ஷார்ட்டாவே இருக்கட்டும், ஆனா கடைசிப் புள்ளி வரைக்கும் இழுக்காத. முக்கியமா எல்லாத்தையும் ஒரே ராத்திரியில மாத்தாத, ஒண்ணு மாத்து, அஞ்சு மேட்ச் பாரு, அப்புறம் அடுத்தது. டாக்டிக்ஸ் பழகுறதுக்கே பசங்களுக்கு டைம் வேணும், அதுக்குன்னே ஸ்கிரீன்ல ஒரு பட்டை இருக்கு, நம்மாளுங்க யாரும் அதைப் பாக்கிறதே இல்ல.

கேள்வி: பின்னாடி ரெஜிஸ்டா (சுத்தி நகர்ந்து ஆட்டத்தை நடத்துறவர்), அவருக்கு முன்னாடி ஒரு டீப் லையிங் பிளேமேக்கர் (கீழ நின்னு பந்து பிரிச்சுக் குடுக்கிறவர்), ஒரு அட்வான்ஸ்டு பிளேமேக்கர் (அதையே மேல நின்னு பண்றவர்), மேல ஃபால்ஸ் நைன் (கீழ இறங்கி வர்ற ஸ்ட்ரைக்கர்). எல்லாருக்கும் 20க்கு விஷன் 15க்கு மேல, பாஸிங் 16. இவ்ளோ திறமை இருந்தும் சான்ஸே உருவாகலையே, ஏன் சார்?

பதில்: கல்யாண வீட்ல பரிமாற நாலு பேர் கரண்டியோட நிக்கிறாங்க, பந்தியில உக்காரத்தான் ஆள் இல்ல! பிளேமேக்கர் ரோல் குடுத்தா கேம்ல மத்தவங்க எல்லாம் அந்த ஆளைத் தேடித் தேடி பந்து குடுப்பாங்க, அதான் அந்த ரோலோட வேலையே. மூணு பேர் இருந்தா பந்து அந்த மூணு பேருக்குள்ளயே சுத்தும். ஃபால்ஸ் நைனும் கீழ இறங்கி வந்துட்டாரு, அப்ப டிஃபென்ஸ்க்கு பின்னாடி ஓடப்போறது யாரு?

நீங்க மனசுல வச்சிருக்கிறது கோச் குவார்டியோலாவோட பார்சிலோனான்னு தெரியுது. 2009 மே 2, ரியல் மாட்ரிட்டை அவங்க சொந்த மைதானமான பெர்னபியூலயே 6-2ன்னு பிச்சு எடுத்த மேட்ச்ல மெஸ்ஸி நடுவுல ஃபால்ஸ் நைனா இறங்கினதைத்தான் எல்லாரும் பேசுவாங்க. ஆனா அன்னைக்கு மெஸ்ஸி ரெண்டு அடிச்சா, ஆன்ரியும் ரெண்டு அடிச்சாரு. ஒரு பக்கம் ஆன்ரி இன்னொரு பக்கம் எட்டோ, ரெண்டு பேரும் பின்னாடி ஓடுற ஜாதி. 2011 சாம்பியன்ஸ் லீக் ஃபைனல், வெம்ப்லியில மான்செஸ்டர் யுனைடெட்டை 3-1 ஜெயிச்சப்ப கோல் அடிச்சது யார் யாரு? பெட்ரோ, மெஸ்ஸி, வில்லா. நடுவுல இறங்கி வர்றவர் ஒருத்தர், ரெண்டு ஓரத்துல இருந்தும் பாயுறவங்க ரெண்டு பேர். நடுவுல பாஸ் போட்ட சாவியையும் இனியஸ்டாவையும் மட்டும் பாத்துட்டு டாக்டிக்ஸ் போட்டா இப்படித்தான் ஆகும்.

அதனால ஒரே ஒரு பிளேமேக்கர் வச்சுக்கங்க, என் கைப்பழக்கத்துக்கு அது கீழ நிக்கிற டீப் லையிங் பிளேமேக்கர்தான். ரெஜிஸ்டா அழகுதான், ஆனா ஒரு இடத்துல நிக்க மாட்டாரு. இன்னொருத்தரை மெஸ்ஸாலா (ஓரமா விலகி முன்னாடி ஓடுற மிட்ஃபீல்டர்) ஆக்கி அட்டாக் டியூட்டி (முன்னேறிப் போற வேலை) குடுங்க. ஃபால்ஸ் நைன் இருந்தா ஓரத்துல ரெண்டு பேர்ல ஒருத்தராவது இன்சைட் ஃபார்வர்ட் (ஓரத்துல இருந்து கோலை நோக்கி உள்ள வர்றவர்) அட்டாக் டியூட்டியில இருக்கணும், அவர் உள்ள வெட்டி வந்தா அந்தப் பக்கம் வெளிய அகலமா நிக்க ஒரு விங் பேக் (ஓரமா மேல ஏறி வர்ற டிஃபென்டர்) வேணும், இல்லன்னா எல்லாரும் நடுவுல வந்து பஸ் ஸ்டாண்டு கூட்டம் ஆயிடும். அவங்களுக்கு ஆள் எடுக்கும்போது விஷனைப் பாக்காதீங்க, ஆஃப் த பால் (பந்து இல்லாதப்ப நகர்ற திறமை), ஆன்டிசிபேஷன் (முன்கூட்டியே கணிக்கிறது), ஆக்சலரேஷன் (சட்டுன்னு வேகம் எடுக்கிறது) மூணையும் பாருங்க.

கேள்வி: 70வது நிமிஷம் 0-0, நான் உடனே மென்டாலிட்டியை (டீம் எவ்ளோ ரிஸ்க் எடுக்கணும்னு சொல்ற செட்டிங்) வெரி அட்டாக்கிங் ஆக்கிடுவேன். சரியா?

பதில்: தப்பு. மென்டாலிட்டியை ஏத்தினா கோல் வாய்ப்பு மட்டும் ஏறாது, டெம்போ, டிஃபென்ஸ் லைன் (நம்ம டிஃபென்டர்கள் நிக்கிற கோடு) எல்லாம் கூடவே ஏறும், உங்க ஆளுங்க எல்லாரும் மேல போய் ஏற்கனவே நெருக்கமா இருக்கிற இடத்துல இன்னும் நெருக்குவாங்க. ஒரு தடவை தலைகீழா பண்ணிப் பாருங்க, பாசிட்டிவ்ல இருந்து பேலன்ஸ்டுக்கு இறக்குங்க. உங்க பசங்க பின்னாடி நிதானமா பந்தை வச்சிருப்பாங்க, எதிர் டீம் கொஞ்சம் வெளிய வருவான், அவன் வந்த இடம் காலியாகும். எல்லா மேட்ச்லயும் வேலை செய்யும்னு சொல்ல மாட்டேன், ஆனா அந்த வெரி அட்டாக்கிங் பட்டனை விட இது எனக்கு நிறைய பாயின்ட் வாங்கிக் குடுத்திருக்கு. டெம்போவைக் குறைக்கிறதெல்லாம் 1-0ல முன்னாடி இருக்கும்போது கடைசி கால் மணி நேரத்துக்கு வச்சுக்கங்க.

கேள்வி: கவுன்ட்டர்லயே கோல் வாங்குறேன். ரெண்டு ஃபுல் பேக்கும் அட்டாக் டியூட்டி, டிஃபென்ஸ் லைன் ரொம்ப மேல. சென்டர் பேக் ரெண்டு பேரும் பாஸிங்ல கில்லி.

பதில்: பாஸிங்ல கில்லி சரி, பேஸ் எவ்ளோ? 20க்கு 9, 10 இருந்தா அவங்களை மைதானத்து நடுவுல நிறுத்திட்டு பின்னாடி 40 மீட்டர் காலி இடம் விடுறது, கதவைத் திறந்து வச்சிட்டு தூங்குற மாதிரி. லைனை ஒரு படி இறக்குங்க, இல்ல ஓடுற ஆளா வாங்குங்க. பந்து நம்மகிட்ட இருக்கும்போதே அது போனா யார் தடுப்பான்னு கணக்குப் பண்ணணும், பின்னாடி எப்பவும் அஞ்சு பேர் நிக்கிற மாதிரி பாத்துக்கங்க. ரெண்டு சென்டர் பேக், ஒரு டிஃபென்ஸிவ் மிட், கூடவே ஒரு ஃபுல் பேக்கை (ஓரத்து டிஃபென்டர்) இன்வர்ட்டட் விங் பேக் ஆக்கி நடுப்பக்கம் உள்ள இழுத்தா நாலு, அஞ்சாவது ஒரு மிட்ஃபீல்டர் சப்போர்ட்ல. இன்னொரு ஃபுல் பேக் வேணும்னா மேல போகட்டும். பந்து போன உடனே கவுன்ட்டர் பிரெஸ்ஸும் (உடனே பாய்ஞ்சு திரும்பப் பறிக்கிறது) ஆன்ல இருக்கட்டும், ஆனா ஒர்க் ரேட், ஸ்டாமினா இல்லாத டீமை வச்சு அதைப் பண்ணா 60வது நிமிஷத்துல நாக்கு தள்ளிடும்.

கேள்வி: எஃப்எம் 26 வந்துடுச்சே, இதெல்லாம் அதுல செல்லுமா?

பதில்: அடிப்படை யோசனை செல்லும். எஃப்எம் 25 வரவே இல்ல, 2025 பிப்ரவரில கேன்சல் பண்ணிட்டாங்க, நவம்பர்ல நேரா 26 வந்துச்சு. அதுல பந்து இருக்கும்போது ஒரு ஃபார்மேஷன், இல்லாதப்ப ஒரு ஃபார்மேஷன்னு தனித்தனியா போடலாம். முன்னாடி ரோலை வச்சு சுத்தி வளைச்சு பண்ண வேலையை இப்ப நேராவே பண்ணலாம், மேல சொன்ன அஞ்சு பேர் கணக்கும் கண்ணு முன்னாடியே தெரியும்.

கேள்வி: இங்கிலாந்து நாலாவது டிவிஷன் டீம் எடுத்திருக்கேன் அண்ணா. அங்க பொசஷன் ஆட முடியுமா?

பதில்: முடியும், ஆனா முதல் சீசன்லயே வேணாம்மா. நான் அனுபவப்பட்டவன். லீக் டூல (அதான் அந்த நாலாவது டிவிஷன்) ஒரு டீம் எடுத்து முதல் நாளே ப்ளே அவுட் ஆஃப் டிஃபென்ஸ் (பின்னாடி இருந்தே பாஸ் போட்டு ஏறுறது) ஆன் பண்ணேன், என் சென்டர் பேக்குக்கு கம்போஷர் (பதறாம இருக்கிறது) 6, ஃபர்ஸ்ட் டச் (வர்ற பந்தை அடக்குறது) 5. கீப்பர் குடுக்கிறான், இவன் கால்ல பட்டு ரெண்டு மீட்டர் தள்ளிப் போகுது, எதிர் ஸ்ட்ரைக்கர் நன்றி சொல்லாத குறையா எடுத்துட்டுப் போய் அடிக்கிறான், ஒரே மேட்ச்ல மூணு தடவை. அங்க பந்து வச்சிருக்கிற இடத்தை மேல தள்ளு, கீப்பர் நீளமா அடிக்கட்டும், அது விழுந்து தெறிக்கிற ரெண்டாவது பந்தைப் பிடிச்ச பிறகு எதிர் பாதியில ஷார்ட் பாஸ் ஆடு. ஒவ்வொரு டிரான்ஸ்ஃபர் விண்டோலயும் ஃபர்ஸ்ட் டச், டெசிஷன்ஸ், கம்போஷர் மூணும் 10 தொடுற ரெண்டு பேரா தேடி எடு, ஃப்ரீல நிறைய பேர் கிடைப்பாங்க, வயசு 33ன்னு பயப்படாத, கால்தான் மெதுவா போகும், மண்டை நல்லா ஓடும். எனக்கு மூணாவது சீசன்லதான் பின்னாடி இருந்து ஆட முடிஞ்சுது, அந்த கம்போஷர் 6 பையனை அதுக்குள்ள லோன்ல அனுப்பிட்டேன்.