செயற்கை இடுப்பு மூட்டு பழுதானால்... வாசகர் கேள்விகளும் பதில்களும்

2009-ல் இடது இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டேன். திரும்பப் பெறப்பட்ட ‘ஏ.எஸ்.ஆர்.’ மூட்டுதானா எனக்கு வைத்தது? எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், திண்டுக்கல்

எக்ஸ்ரேயை மட்டும் நம்ப வேண்டாம். மூட்டு வந்த பெட்டியில் கேட்லாக் எண்ணும் (மாடலைக் காட்டுவது) லாட் எண்ணும் (தயாரிப்புத் தொகுதியைக் காட்டுவது) அச்சிட்ட ஸ்டிக்கர்கள் இருக்கும். அவற்றை அறுவை சிகிச்சைக் குறிப்பில் ஒட்டிவைப்பது வழக்கம். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘இடுப்பு மூட்டு மாற்று’ என்று ஒரு வரிதான் இருக்கும். இழப்பீடு கேட்டு வழக்குப் போட அது உதவாது. எழுத்து மூலம் கேட்டால் 72 மணி நேரத்தில் பதிவேடுகளைத் தர வேண்டும் என்கின்றன 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள். சிக்கல் என்னவென்றால், அதே விதிகள் பதிவேடுகளை மூன்று ஆண்டுகள்தான் வைத்திருக்கச் சொல்கின்றன. கோப்பு இல்லை என்று கைவிரித்தால், அதையே எழுதி வாங்குங்கள். பிறகு இன்சூரன்ஸ் கிளெய்ம் கோப்பையும், மூட்டு சப்ளை செய்த விநியோகஸ்தரின் பில்லையும் தேடுங்கள்.

ஏ.எஸ்.ஆர். மூட்டை ஜான்சன் அண்ட் ஜான்சனின் டெப்யூ நிறுவனம் 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெற்றது. அதற்குள் சுமார் 93,000 பேருக்கு வைத்தாகிவிட்டது. இந்தியாவில் சுமார் 4,700 பேர். மூட்டின் கிண்ணம், அதற்குள் சுழலும் பந்து இரண்டுமே கோபால்ட்-குரோமியம் உலோகம். கிண்ணத்தின் ஆழம் குறைவு என்பதால் பாரம் விளிம்பில் இறங்கி, உலோகத் துகள் உதிர்ந்து, சுற்றியுள்ள தசையை அரித்தது. வலி இல்லாவிட்டாலும் ரத்தத்தில் இந்த இரு உலோகங்களின் அளவைப் பாருங்கள். லிட்டருக்கு 7 மைக்ரோகிராமைத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்பது பிரிட்டன் கட்டுப்பாட்டு அமைப்பு வகுத்த அளவு. ரத்தம் எடுக்கும் குழாய், நுண்ணளவு உலோகச் சோதனைக்கான ‘ட்ரேஸ் எலிமென்ட்’ வகையாக இருக்கட்டும். சாதாரணக் குழாயில் எடுத்தால், உலோகம் குழாயிலிருந்து வந்தது என்று எதிர்த்தரப்பு சொல்லிவிடும்.

அடுத்த மாதம் அம்மாவுக்கு மறு அறுவை சிகிச்சை. வழக்குக்காக இப்போதே என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, மதுரை

கழற்றும் மூட்டை விட்டுவிடாதீர்கள். வக்கீலைப் பார்ப்பதுகூட அதற்குப் பிறகுதான். நுகர்வோர் ஆணையம் பொருளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி அறிக்கை பெறலாம். பொருளே இல்லையென்றால் எதை அனுப்புவது? ‘கழற்றிய பாகங்களை நோயாளிக்குத் தர வேண்டும்’ என்று அறுவைக்கு முன்பே கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். பாகங்களைப் போட்டோ எடுத்து, சீல் வைத்த உறையில், தேதியும் டாக்டர் கையெழுத்துமாக வாங்கிக்கொள்ளுங்கள். சுற்றியிருந்த திசு பயாப்ஸிக்குப் போகட்டும். மூட்டு ஏன் தோற்றது என்று டாக்டர் எழுதிய அறுவைக் குறிப்பு மிக முக்கியம்: ‘உலோகத் துகள் படிவு’ என்றால் பழி மூட்டின் மீது விழும், ‘கிருமித் தொற்று’ என்பது வேறு கதை.

கம்பெனி ஆள் வந்து ‘சோதித்துத் தருகிறோம்’ என்றால், தனியாக அவரிடம் ஒப்படைக்காதீர்கள். செலவைத் தருகிறோம் என்று நீட்டும் படிவத்தில் ‘இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்’ என்ற வரி இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்து.

ஏ.எஸ்.ஆர். நோயாளிகளுக்கு அரசு அறிவித்த இழப்பீடு எவ்வளவு?
– வாசகர், ஈரோடு

மத்திய அரசு அமைத்த டாக்டர் அருண் குமார் அகர்வால் நிபுணர் குழு குறைந்தது 20 லட்சம் ரூபாய் என்று பரிந்துரைத்தது. 2018 நவம்பரில் மத்திய அரசு ஏற்ற சூத்திரம் வயதையும் ஊனத்தின் சதவீதத்தையும் வைத்து 30 லட்சம் முதல் 1.23 கோடி வரை தந்தது. வேதனைக்கான 10 லட்சமும் இதில் அடங்கும். அதை எதிர்த்து ஜான்சன் அண்ட் ஜான்சன் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2019 மே மாதம், சரிபார்க்கப்பட்ட 67 பேருக்குத் தலா 25 லட்சம் தர முன்வந்தது. அமெரிக்காவில் 2013-ல் ஏறத்தாழ 250 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்ட நிறுவனம் இது. ஒப்பிட்டுப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும்.

நுகர்வோர் வழக்கை எங்கே போடுவது? காலக்கெடு தாண்டிவிட்டதா?
– வாசகர், நாகர்கோவில்

நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். மாவட்டம், மாநிலம், தேசியம் என்ற மூன்றில் எந்த ஆணையம் என்பதை முடிவு செய்வது நீங்கள் செலுத்திய தொகை. கேட்கும் இழப்பீடு அல்ல. சிகிச்சைக்கு மூன்றரை லட்சம் கட்டியிருந்தால், 60 லட்சம் கேட்டாலும் மாவட்ட ஆணையம்தான். செலுத்திய தொகை 5 லட்சம் வரை இருந்தால் வழக்குக் கட்டணமும் இல்லை.

கெடு இரண்டு ஆண்டுகள். மூட்டு வைத்த நாளிலிருந்து அல்ல, பழுது தெரியவந்த நாளிலிருந்து எண்ண வேண்டும் என்று வாதிடலாம். ஆனாலும் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் சேர்த்தே கொடுங்கள்.

உற்பத்தியாளர், இறக்குமதியாளர், மருத்துவமனை மூவரையும் எதிர்த்தரப்பாக்குங்கள். கிண்ணத்தைச் சாய்வாக வைத்தது டாக்டர் தவறு என்று கம்பெனி சொல்லும். டாக்டர் கம்பெனியைக் காட்டுவார். வெளிநாட்டு உற்பத்தியாளருக்கு நோட்டீஸ் சேர்க்க முடியாவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 86-ஆம் பிரிவின்படி, இறக்குமதி செய்து விற்றவரைப் பொறுப்பாக்கலாம். 87-ஆம் பிரிவில்தான் பொறி இருக்கிறது: நிபுணர் மட்டுமே கையாளும் பொருளுக்கு, அந்த நிபுணரிடம் எச்சரிக்கை சொல்லியாகிவிட்டது என்று உற்பத்தியாளர் தப்பிக்கலாம். எனவே எச்சரிக்கை தரவில்லை என்பதை மட்டும் நம்பாமல், வடிவமைப்புக் குறைபாட்டை முன்வையுங்கள். இந்தப் பிரிவுகள் அடங்கிய அத்தியாயம் அமலுக்கு வந்தது 2020 ஜூலை 20-ல்; அதற்கு முன் வைத்த மூட்டுக்கு அது பொருந்துமா என்பதே வாதத்துக்குரியது. எனவே 1986-ஆம் ஆண்டின் பழைய நுகர்வோர் சட்டத்தில் உள்ள பொருள் குறைபாடு, சேவைக் குறைபாடு இரண்டையும் மனுவில் எழுதச் சொல்லுங்கள்.

என் மூட்டு வேறு கம்பெனியுடையது. 16 ஆண்டுக்குப் பின் தளர்ந்துவிட்டது. வழக்குப் போடலாமா?
– வாசகி, கரூர்

அது தேய்மானமாகவே இருக்க வாய்ப்பு அதிகம். அதை மட்டும் வைத்து வழக்கு நிற்காது. இருந்தாலும் மருந்து, மருத்துவச் சாதனங்களின் பாதிப்புகளைப் பதிவு செய்யும் அரசின் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள்.