பை கட்டும் முன் பேசி முடிக்க வேண்டியது

செவிலியர் பதில்கள்

கேள்வி: சிஸ்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு இது இரண்டாவது கர்ப்பம். 27 வாரம் முடிந்திருக்கிறது. மூத்தவள் 33 வாரத்திலேயே பிறந்து மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்தாள். நாமக்கல் பக்கம் தோட்டத்து வீட்டில் மாமியாருடன் இருக்கிறேன். கணவர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் இருபது நாள் வெளி மாநிலத்தில்தான். அம்மா வீடு கொல்லிமலையில். அடுத்த மாதம் வளைகாப்பு முடித்து மேலே அழைத்துப் போவதாகச் சொல்கிறார்கள். திடீரென்று ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று இரவில் தூக்கமே வருவதில்லை. பையில் என்னென்ன எடுத்து வைக்க வேண்டும்?
– ஒரு வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்: பையை அரை மணி நேரத்தில் கட்டிவிடலாம் அம்மா. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் கொல்லிமலையைப் பற்றிப் பேசுவோம்.

வளைகாப்பை ஆசை தீரச் செய்துகொள்ளுங்கள். ஆனால் மேலே போய்த் தங்காதீர்கள். எழுபது கொண்டை ஊசி வளைவுகள். பனிக்குடம் உடைந்த பெண்ணை நள்ளிரவில் அந்த எழுபதையும் கடந்து இறக்கிக்கொண்டு வருவதை நினைத்தாலே எனக்கு அடிவயிறு கலங்குகிறது. மலையில் வேலை செய்பவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர்களுடைய உழைப்பு பெரியது. ஆனால் முதல் பிரசவம் 33 வாரத்தில் ஆனவருக்கு அடுத்ததும் முன்கூட்டியே ஆகும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அப்படிப் பிறக்கும் குழந்தைக்கு மூச்சுக்கு உதவும் கருவி வேண்டும், சூடு தரும் படுக்கை வேண்டும், இரவிலும் பக்கத்திலேயே நிற்கும் செவிலியர் வேண்டும். பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனை எங்கே இருக்கிறதோ, அதற்குப் பக்கத்தில் நீங்கள் இருக்க வேண்டும். உங்கள் அம்மா கீழே வரட்டும். மகளுக்காக மலை இறங்கி வர மாட்டேன் என்று எந்தத் தாயும் சொல்லமாட்டாள்.

பிறந்த பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட, வயிற்றில் இருக்கும்போதே தாயைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஆயிரம் மடங்கு மேல். பிரசவ வார்டில் முப்பத்தோரு வருடம் நின்றவள் சொல்கிறேன். அதற்கு ஒரு ஊசியும் காரணம். 24 முதல் 34 வாரத்துக்குள் பிரசவம் ஆகிவிடும்போல் தெரிந்தால், குழந்தையின் நுரையீரல் பக்குவப்படத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் டெக்சாமெத்தசோன்: 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு. நியூசிலாந்தில் லிகின்ஸ் என்ற மருத்துவர் ஆடுகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தபோது, இந்த மருந்து பெற்ற குறைமாதக் குட்டி ஒன்று எதிர்பார்த்ததற்கு மாறாக மூச்சு விட்டுக்கொண்டிருப்பதைக் கவனித்தார். பிறகு ஹோவி என்ற குழந்தை மருத்துவருடன் சேர்ந்து தாய்மார்களிடம் சோதித்து, 1972-ல் முடிவை வெளியிட்டார். நான்கு ஊசியும் முடியும் வரை பிரசவம் காத்திருக்காமல் போகலாம். முதல் ஊசி மட்டும் உள்ளே போயிருந்தாலும் பலன் உண்டு. அதனால்தான் நேரம், நேரம் என்று எல்லோரையும் விரட்டுகிறேன்.

ஓர் இரவு, இரண்டரை மணி இருக்கும். 30 வாரத்தில் வலி கண்ட பெண் ஒருத்தியை வேறொரு சிறிய மருத்துவமனையிலிருந்து அனுப்பியிருந்தார்கள். முதல் ஊசி போட்டாயிற்று என்று சீட்டில் இருந்தது. எத்தனை மணிக்கு என்று இல்லை. கூட வந்த கணவன் எங்கள் முன்னால் இடது உள்ளங்கையை விரித்துக் காட்டினான். நீல மையில் ‘11.40’ என்று எழுதியிருந்தது. வியர்வையில் கலைந்துவிடக் கூடாது என்று வழி நெடுகக் கையை மூடாமலே உட்கார்ந்து வந்திருக்கிறான். அடுத்த ஊசியைப் பகல் 11.40-க்குப் போட்டோம். நான்காவது ஊசியும் முடிந்த பிறகே பிரசவம் ஆனது. குழந்தை தானாகவே அழுதது. இத்தனை வருடத்தில் நான் பார்த்த மிகச் சிறந்த ஆயத்தம் அந்த உள்ளங்கைதான்.

அடுத்த பரிசோதனையில் மருத்துவரிடம் மூன்றைக் கேட்டு எழுதி வாங்கி வாருங்கள். 34 வாரத்துக்கு முன் வலி வந்தால் நேராக எங்கே போவது? நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறதா? சிறுநீரில் கிருமி இருக்கிறதா? கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். எரிச்சல்கூடத் தெரியாத சிறுநீர்த் தொற்று, வலியை முன்கூட்டியே கிளப்பிவிடக்கூடும். கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே சரியாகிவிடும்.

இப்போது உங்கள் வீட்டு விஷயம். இரவு ஒரு மணிக்கு வலி வருகிறது, கணவர் நாக்பூர் பக்கம் எங்கோ லாரியில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘போகலாம்’ என்று சொல்ல வேண்டியவர் யார்? ‘விடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்’ என்ற சொல்லால் கைவிட்டுப் போன உயிர்களை நான் பார்த்திருக்கிறேன். மாமியார்கள் கெட்டவர்கள் என்பதால் அல்ல. பையன் ஊரில் இல்லாதபோது தானாக முடிவெடுக்க அவர்களுக்கும் பயம். எனவே இன்று இரவே கணவரைப் பேசச் சொல்லுங்கள். மாமியாரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு, ‘அவள் போகணும் என்றால் என்னைக் கேட்காமலே கிளம்பிவிடுங்கள்’ என்று அவர் வாயால் சொல்ல வேண்டும்.

கிளம்ப வேண்டிய அறிகுறிகள் இவை: ஒழுங்கான இடைவெளியில் வயிறு கல்லாக இறுகித் தளர்வது, இடுப்பு வலி விட்டுவிட்டு வருவது, ரத்தம், நீர் கசிவு, குழந்தையின் துடிப்பு வழக்கத்தைவிடக் குறைவது, காய்ச்சல். விடாத தலைவலியோடு கண் மங்குவதும், முகம் வீங்குவதும், நெஞ்சுக்குழிக்குக் கீழே வலிப்பதும் ரத்த அழுத்தம் ஏறியதற்கான அடையாளங்கள். இவற்றைத் தைலம் தடவிச் சமாளிக்கக் கூடாது. வலிப்பே வந்துவிட்டால் இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். கையில் சாவிக்கொத்தைக் கொடுத்துக்கொண்டு நேரத்தை வீணாக்காதீர்கள். நீர் உடைந்தால் மணியைப் பாருங்கள், சுத்தமான துணியை வைத்துக்கொண்டு படுங்கள். குளித்துவிட்டுக் கிளம்பலாம் என்ற நினைப்பே வேண்டாம்.

108-ஐ அழைத்தால் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். தோட்டத்து வீட்டுக்குத் தெருப் பெயர் ஏது? ஊர், வட்டம், பிரதான சாலையிலிருந்து எந்தக் கோயில் அல்லது எந்தக் கோழிப்பண்ணை பக்கம் திரும்ப வேண்டும், அங்கிருந்து எத்தனையாவது மண் பாதை என்று ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, சுவரில் ஒட்டுங்கள். பதற்றத்தில் தன் வீட்டுக்கு வழி சொல்லத் தெரியாமல் அழுதவர்கள் நிறையப் பேர். மாமியாரை ஒருமுறை சத்தமாகப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிரதான சாலையில் டார்ச்சோடு நிற்கப்போகும் பக்கத்துத் தோட்டத்துப் பையன் யார் என்பதையும் பேசிவையுங்கள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் குழந்தை பிறந்துவிட்டால் துடைத்து, உங்கள் வெறும் மார்பில் போட்டு, இரண்டு பேரையும் சேர்த்துப் போர்த்தி, குழந்தையின் தலையையும் மூட வேண்டும். கொடியை இழுக்கவோ அறுக்கவோ கூடாது. குளிப்பாட்டவும் கூடாது.

இனி, பை. தாய் சேய் நல அட்டை, கர்ப்பப் பதிவு எண், எல்லா ஸ்கேன் தாள்களும், ஆதார், காப்பீட்டு அட்டை. நான்கு பழைய பருத்திச் சேலைத் துண்டுகள், குல்லாய், உங்களுக்கு முன்பக்கம் திறக்கும் நைட்டி இரண்டு, செல்போன் சார்ஜர், கொஞ்சம் பணம், ஒரு பேனா. ரத்தம் கொடுக்கச் சம்மதித்த இருவரின் எண்களையும் எழுதிவையுங்கள். இருவரும் லாரி ஓட்டுபவர்களாக இருக்கக் கூடாது.

கேள்வி: ஏழாம் மாதத்தில் பிறந்தால் பிழைக்கும், எட்டாம் மாதத்தில் பிறந்தால் தங்காது என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: உண்மையில்லை. வயிற்றுக்குள் கூடுகிற ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்தான். உறிஞ்சுவதையும் விழுங்குவதையும் மூச்சு விடுவதையும் ஒன்றாகச் செய்யக் குழந்தை பழகுவதே ஏறத்தாழ 34 வாரத்தில்தான். எட்டு மாதக் குழந்தை ஏழு மாதக் குழந்தையைவிட எல்லா வகையிலும் தேறியது. இந்தப் பேச்சை நான் கோபத்தோடு எதிர்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. ‘எப்படியும் தங்காது’ என்று வண்டி பிடிக்கத் தயங்கிய ஒரு வீட்டை எனக்குத் தெரியும்.

கேள்வி: என் பேரன் 31 வாரத்தில், 1,350 கிராம் எடையில் பிறந்து இன்றோடு 16 நாள். மகளுக்கு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு காய்ச்சல். குழந்தையை உங்கள் நெஞ்சில் போட்டுக்கொள்ளுங்கள் என்று சிஸ்டர்கள் என்னைச் சொல்கிறார்கள். எனக்கு 58 வயது. செய்யலாமா? பயமாக இருக்கிறது.
– ஒரு பாட்டி, தேனி மாவட்டம்

பதில்: தாராளமாகச் செய்யலாம் அக்கா. இருமல், காய்ச்சல், தோலில் புண் இருந்தால் மட்டும் வேண்டாம். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் போதாமல் தவித்தபோது, எட்கர் ரே என்ற மருத்துவர் 1978-ல் தொடங்கிய ‘கங்காரு முறை’ பராமரிப்பு இது. இன்று இன்குபேட்டர் நிறைய இருக்கும் இடங்களிலும் இதைச் செய்கிறார்கள். குளித்துவிட்டு, பவுடர் எதுவும் போடாமல், சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டு உட்காருங்கள். குழந்தைக்குக் குல்லாய், காலுறை, இடுப்புத் துணி மட்டும். தவளைபோல் கால்களை விரித்து, நிமிர்த்தி, உங்கள் மார்போடு ஒட்ட வையுங்கள். தலை ஒரு பக்கம் திரும்பியிருக்கட்டும். தாடை நெஞ்சில் புதைந்தால் மூச்சு தடைபடும், அதை மட்டும் கண்ணில் எண்ணெய் விட்டுப் பாருங்கள். ஒருமுறை எடுத்தால் ஒரு மணி நேரமாவது வைத்திருங்கள். முதல் பத்து நிமிடம் உங்கள் கை நடுங்கும். பிறகு அவன் மூச்சு உங்கள் மூச்சோடு இழைவது தெரியும்.

மகளைப் பாலைப் பீய்ச்சி எடுக்கச் சொல்லுங்கள், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும். போதவில்லை என்றால் தாய்ப்பால் வங்கி இருக்கிறதா என்று கேளுங்கள். சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், வசம்பு எதுவும் அவன் நாக்கில் படக் கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. 34 வாரத்துக்கு முன்போ, இரண்டு கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு 30 நாள் நிறைவதற்குள் விழித்திரைப் பரிசோதனை செய்தாக வேண்டும். கண் வெளியே பளிச்சென்று இருக்கும்; உள்ளே ரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வையைப் பறித்துவிடும். உரிய நேரத்தில் பார்த்தால் லேசர் சிகிச்சையால் காப்பாற்றலாம். இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது பேரனுக்கு 25 நாளாவது ஆகியிருக்கும். கண் பார்த்தாயிற்றா என்று இன்றே வார்டில் கேளுங்கள். இல்லை என்றால், எந்தத் தேதி என்று எழுதி வாங்கிக்கொண்டு நகருங்கள்.