நாத்தனாரின் வைட்டமின் டப்பாவும் உங்கள் மெடிக்கல் எய்டும்

கேள்வி: எனக்கு 52 வயது. தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். ஒன்பது வருடமாகச் சர்க்கரை நோய், மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறேன். காவடி நேர்ந்துகொண்டதிலிருந்து சுத்த சைவம். ஒன்றரை வருடமாக ஒரே களைப்பு, பாதத்தில் ஊசி குத்துவதுபோல் மரத்துப் போகிறது. என் நாத்தனார் (கணவரின் அக்கா) வைட்டமின் பவுடரும் கேப்சூலும் விற்கிறார். "உனக்குச் சத்துக் குறைவுதான்" என்று 14 மாதமாகக் கொடுத்து வருகிறார், மாதம் 1,350 ரேண்ட். ஜூன் மாதம் அவர் சொல்லித்தான் "ஃபுல் வைட்டமின் பேனல்" எடுத்தேன், 4,860 ரேண்ட். அதற்காக 12,000 ரேண்ட் கடன் வாங்கினோம். மாதம் 745, மொத்தம் 24 மாதம். ரிப்போர்ட்டில் பி12 நிறைய இருக்கிறது என்று வந்தது. ஆனால் கால் இன்னும் மரத்துத்தான் போகிறது. எங்கள் மெடிக்கல் எய்டில் (மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில்) இருப்பது ஹாஸ்பிடல் பிளான் மட்டும், இரண்டு பேருக்கு மாதம் 3,900. ஜனவரியில் 6,300 ரேண்ட் பிளானுக்கு மாறினால் டெஸ்ட் எல்லாம் கவர் ஆகுமா? கேப் கவரும் எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தோடு வந்த பில்லையும் கடன் பத்திரத்தையும் இரண்டு தடவை பார்த்தேன். வீட்டுக் கணக்கு எழுதுங்கள், மிச்சம் பிடியுங்கள் என்றெல்லாம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருபது வருடமாகக் குடும்பம் நடத்துகிறவருக்கு அது தெரியாதா? நான் பிடித்துக்கொள்வது ஒரே விஷயத்தை.

டெஸ்டுக்காகக் கடன் வாங்கினோம் என்று எழுதியிருக்கிறீர்கள். 12,000-இல் டெஸ்டுக்குப் போனது 4,860. மீதி 7,140? கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் நீங்களே போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள்: நாத்தனாருக்குப் பாக்கி இருந்ததை அடைத்தோம் என்று. ஆக, இது டெஸ்டுக்கு வாங்கிய கடன் இல்லை. பாதிக்கு மேல் பவுடர் டப்பாவுக்கு வாங்கிய கடன். 14 மாதத்தில் அந்த டப்பாவுக்கு நீங்கள் கொடுத்தது 18,900 ரேண்ட். இதை உங்களைக் குறை சொல்லச் சொல்லவில்லை. கணவரின் மூத்த அக்காவிடம் "வேண்டாம்" என்று சொல்வது நம் வீடுகளில் எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாததால் வட்டி ஓடுகிறது. அதைவிடப் பெரிய கவலை, உங்கள் காலுக்கு என்ன என்பதே தெரியாமல் போகிறது.

எப்படி என்று சொல்கிறேன். மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு உடல் பி12-ஐ உறிஞ்சுவது குறையலாம். இது மருத்துவர்கள் நன்றாக அறிந்த விஷயம். அதோடு நீங்கள் சைவம். பி12 இயற்கையாகக் கிடைப்பது இறைச்சி, மீன், முட்டை, பால் போன்றவற்றில்தான். நம் நாட்டில் 2003 முதல் மீலி (மக்காச்சோள) மாவிலும் ரொட்டி மாவிலும் இரும்பு, ஃபோலிக் அமிலம், துத்தநாகம் எல்லாம் கட்டாயமாகக் கலக்கிறார்கள். ஆனால் அந்தக் கலவையில் பி12 கிடையாது. நாம் சாப்பிடும் அரிசிக்கோ அந்தச் சட்டமே பொருந்தாது. சாப்பாடு முடிந்த கையோடு டீ குடிக்கும் பழக்கம் இரும்புச் சத்து சேர்வதையும் குறைக்கும். ஆகவே நாத்தனார் "சத்துக் குறைவு" என்று சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை. சரியாகக் கூட இருக்கலாம்.

தப்பு எங்கே என்றால், கண்டுபிடிக்கும் முன்பே 10 மாதத்துக்கு மேல் மருந்தைக் கொடுத்து, அதற்கப்புறம் டெஸ்டுக்கு அனுப்பியதில்தான். பி12 கேப்சூல் தினமும் விழுங்கிக்கொண்டு ரத்தம் கொடுத்தால் அதில் பி12 நிறையத்தான் தெரியும். நரம்புக்கு ஏற்கெனவே என்ன ஆனது என்று அந்த எண் சொல்லாது. டப்பாவின் பின்பக்கப் படம் அனுப்பியிருந்தீர்களே, அதில் ஃபோலிக் அமிலம் இருக்கிறது. அது அதிகமானால் ரத்தசோகையைச் சரிசெய்து மறைத்துவிடும், ஆனால் பி12 குறைவால் நரம்புக்கு வரும் சேதம் உள்ளே தொடரலாம். முடி வளர என்று போட்டிருக்கும் பயோட்டின் தைராய்டு டெஸ்ட் முடிவையே மாற்றிக் காட்டக்கூடியது. ஆக 4,860 கொடுத்து வாங்கிய ரிப்போர்ட்டை, 18,900 கொடுத்து வாங்கிய டப்பாவே குழப்பிவிட்டிருக்கிறது.

என் அம்மாவுக்கும் பாதம் எரிந்தது. சர்க்கரைக்காரர்களுக்கு அப்படித்தான் என்று மூன்று வருடம் விட்டுவிட்டோம். பிறகு பார்த்தால் பி12 தரைமட்டத்தில் இருந்தது. ஊசி போட ஆரம்பித்தும் முழு உணர்ச்சி திரும்பவில்லை. அதனால்தான் இதைத் தள்ளிப் போடாதீர்கள் என்று கேட்கிறேன்.

இப்போது மெடிக்கல் எய்ட். "ஹாஸ்பிடல் பிளான்தானே, ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் கொடுப்பார்கள்" என்று நினைத்து, மெட்ஃபார்மினையும் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்பையும் மாதம் 420 ரேண்ட் கைக்காசில் வாங்குகிறீர்கள். இதைப் படித்தபோது எனக்கு மனசு வலித்தது. 1998-ஆம் ஆண்டு மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு திட்டமும், அது எவ்வளவு மலிவான ஹாஸ்பிடல் பிளானாக இருந்தாலும், குறைந்தபட்சம் கொடுத்தே ஆக வேண்டிய பலன்கள் உண்டு. பி.எம்.பி. என்பார்கள். நாள்பட்ட நோய்ப் பட்டியல் அதில் தனியாக இருக்கிறது, இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் அதில் உண்டு. தைராய்டு குறைவும் உண்டு. நோயைக் கண்டறிவது, டாக்டர் பார்ப்பது, மருந்து, எல்லாம் திட்டத்தின் பொறுப்பு. அவர்கள் சொல்லும் மருந்துக் கடையிலும் அவர்கள் பட்டியலில் உள்ள மருந்தாகவும் வாங்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் உங்கள் டாக்டர் படிவம் நிரப்பி நோயைப் பதிவு செய்ய வேண்டும். நீங்கள் அதைச் செய்யவே இல்லை. மாதம் 420 என்றால் வருடம் 5,040. ஒன்பது வருடத்தை நான் பெருக்கிப் பார்க்கவில்லை.

வைட்டமின் குறைவு மட்டும் என்றால் நிலைமை வேறு. இரும்பு, வைட்டமின் குறைபாடு உயிருக்கே ஆபத்து என்ற அளவுக்குப் போனால்தான் அந்தக் கட்டாயப் பட்டியலில் வரும். சாதாரணக் குறைவுக்கு ஹாஸ்பிடல் பிளான் பணம் தராது. அதனால்தான் நீங்கள் நுழைய வேண்டிய வாசல் "வைட்டமின்" இல்லை, சர்க்கரை. முதலில் அதைப் பதிவு செய்யுங்கள். அப்புறம் டாக்டரிடம், மெட்ஃபார்மின் ஒன்பது வருடம், கால் மரப்பு, இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். டப்பாவையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். எதை நிறுத்துவது, எத்தனை நாள் கழித்து ரத்தம் எடுப்பது என்று அவர்தான் சொல்ல வேண்டும். அதுவரை மெட்ஃபார்மினையோ கையில் இருக்கும் கேப்சூலையோ நீங்களாக நிறுத்த வேண்டாம், புதிய டப்பா மட்டும் வாங்க வேண்டாம்.

டெஸ்ட் சீட்டில் அவர் எழுதும் ஐ.சி.டி. கோடு (என்ன நோய் என்று காட்டும் குறியீடு) முக்கியம். வெறும் "களைப்பு" என்ற கோடு போட்டால் திட்டம் கைவிரித்துவிடும். சோதனைக்குப் பிறகு பட்டியலில் உள்ள நோய்தான் என்று உறுதியானால், அதைக் கண்டுபிடிக்க ஆன செலவும் பி.எம்.பி.தான். உறுதியான கோடுடன் பில்லைத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதற்கும் சரிவரவில்லை என்றால் இந்தத் திட்டங்களைக் கண்காணிக்கும் கவுன்சில் ஃபார் மெடிக்கல் ஸ்கீம்ஸில் புகார் கொடுக்கலாம், கட்டணம் இல்லை.

கைக்காசில் கட்ட வேண்டி வந்தாலும் பயப்படாதீர்கள். உங்கள் ஜூன் பில்லில் 31 டெஸ்ட் இருக்கின்றன. செலினியம், தாமிரம், என்னென்னவோ. உங்கள் தொல்லைக்கு டாக்டர்கள் வழக்கமாக முதலில் கேட்பது ரத்த எண்ணிக்கை, பி12, ஃபெரிட்டின் (உடலில் இரும்பு இருப்பு), தைராய்டு. இந்த நான்கும் அதே பில்லில் சேர்த்து 1,180 ரேண்ட்தான். "ஃபுல் பேனல்" என்று மாலுக்கு மால் விற்கிறார்களே, அதைக் கண்டாலே எனக்குப் பொறுமை போய்விடுகிறது.

6,300 ரேண்ட் பிளானுக்கு வருகிறேன். கூடுதல் 2,400, வருடத்துக்கு 28,800. எதற்காக? ஒரு தடவை எடுக்கும் 1,180 ரேண்ட் டெஸ்டுக்காக. அந்தப் பிளானில் டாக்டர், டெஸ்ட் போன்ற அன்றாடச் செலவுக்கு இருக்கும் சேவிங்ஸ் கணக்கு உங்கள் சொந்தப் பணம். கட்டும் தொகையில் 25 சதவீதத்துக்கு மேல் அதில் போகக் கூடாது என்பது விதி. உங்கள் பணத்தை எடுத்து உங்களிடமே கொடுப்பதற்கு ஏன் இவ்வளவு கட்ட வேண்டும்? மாற வேண்டாம். கேப் கவரும் இதற்கு உதவாது. ஆஸ்பத்திரியில் ஸ்பெஷலிஸ்ட் கேட்கும் தொகைக்கும் திட்டம் கொடுக்கும் தொகைக்கும் உள்ள இடைவெளியை நிரப்பத்தான் அது. வெளியே லேபில் எடுக்கும் ரத்த டெஸ்டுக்கு அதை நம்பி வாங்காதீர்கள்.

கடன்: 745-ஐ 24 மாதம் கட்டினால் 17,880. வட்டி 27 சதவீதம், அதோடு சேவைக் கட்டணம். மூன்று தவணை முடிந்திருக்கிறது, இன்னும் சுமார் 10,800 நிற்கிறது. டப்பாவுக்குப் போகும் 1,350-ஐ அக்டோபரிலிருந்து இதில் சேருங்கள். மாதம் 2,095. மார்ச்சுக்குள் கடன் தீர்ந்துவிடும், மூவாயிரத்துக்கு மேல் மிஞ்சும். இந்த மாதிரிச் சிறு கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கேட்க நேஷனல் கிரெடிட் சட்டத்தில் இடமில்லை. கூடுதலாகக் கட்டும்போது அது அசலில்தான் கழிய வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்.

உங்கள் மாமியாரும் பென்ஷன் பணத்தில் அதே பவுடரை வாங்குகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் உங்கள் மெடிக்கல் எய்டில் இல்லை. அப்படியென்றால் அரசு கிளினிக்கில் அவருக்கு ஆரம்பச் சிகிச்சை இலவசம். களைப்பு என்றால் அங்கே போய்ச் சொல்லட்டும். அவருக்கும் முதலில் ரத்தம், அப்புறம்தான் மருந்து.

நாத்தனாரிடம் என்ன சொல்வது? பொய் வேண்டாம், சண்டையும் வேண்டாம். "அக்கா, டாக்டர் எல்லாவற்றையும் பார்க்கும்வரை புதிதாக ஒன்றும் வாங்கவில்லை" என்று சொல்லுங்கள். இதை உங்கள் கணவர் சொல்ல வேண்டும், நீங்கள் இல்லை. அவருடைய அக்கா, அவர் வாயால் கேட்டால் மனசு கோணாது. புரட்டாசி பிறக்கும் முன் சொல்லிவிடுங்கள். விரத மாதத்தில் எல்லாரும் உங்கள் வீட்டில் கூடும்போது அடுத்த டப்பா வந்து இறங்கிவிடும்.

அப்புறம் ஜூன் பில். சேவை பெற்ற மாதத்துக்குப் பிறகு நான்காவது மாதக் கடைசி நாள் வரை பில் அனுப்பலாம். உங்களுக்கு அது 31 அக்டோபர். அந்த 31 டெஸ்டில் சர்க்கரை சராசரியும் சிறுநீரகமும் கொழுப்பும் இருக்கின்றன. டாக்டரிடம் சர்க்கரைக் கோடு போட்டு வாங்கி, அந்த வரிகளை மட்டுமாவது அனுப்பிப் பாருங்கள். முழுதும் திரும்பாது. ஆனால் வருகிற தொகையை அன்றே கடனில் கட்டுங்கள்.