வரைந்து கற்கும் வடிவியல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அடிப்பக்கமும் உச்சிக்கோணமும் குத்துயரமும் கொடுத்தால், உதவிப்படம் போட்டு, முக்கோணத்தைப் பிழையில்லாமல் வரைந்துவிடுகிறாள். ஆனால் அடிப்பக்கத்துக்குக் கீழே எதற்காக ஒரு கோணம் வரைகிறாய் என்று கேட்டால், ‘ஸ்டெப் அப்படித்தான் அப்பா’ என்கிறாள். தேற்றங்களைத் தனியே மனப்பாடம் செய்கிறாள். வரைந்து பார்த்தே வடிவியலைப் புரிந்துகொள்ள முடியுமா? படத்தை நம்பிப் பழகினால் நிரூபணம் எதற்கு என்று தோன்றிவிடாதா? கணினியில் வரைந்தால் போதாதா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முடியும். யூக்ளிடின் ‘எலிமெண்ட்ஸ்’ நூலின் முதல் பகுதியில் முதல் மூன்று கூற்றுகளும் வரைமுறைகளே. கொடுத்த கோட்டின்மீது சமபக்க முக்கோணம் வரைவது முதலாவது, தேற்றம் வருவது நான்காவதாகத்தான். அங்கே ஒவ்வொரு வரைமுறையையும் அது ஏன் சரி என்ற விளக்கம் உடனே தொடர்கிறது. நம் வினாத்தாளில் தேற்றத்துக்கு ஒரு கேள்வி, வரைதலுக்கு ஒரு கேள்வி என்று பிரித்துவிட்டதால், பிள்ளைகள் மனத்திலும் அவை பிரிந்தே கிடக்கின்றன.

உங்கள் மகளின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஓர் அட்டைமேல் தாளை வைத்து, 5 செ.மீ. இடைவெளியில் P, Q என இரண்டு குண்டூசிகளைக் குத்தச் சொல்லுங்கள். ஜியோமெட்ரி பாக்ஸில் உள்ள மூலைமட்டத்தின் 60° முனை மேலே இருக்க, அதன் இரு விளிம்புகளும் இரண்டு ஊசிகளையும் தொட்டபடியே நகர்த்தி, முனை நிற்கும் இடங்களிலெல்லாம் புள்ளி வைக்கட்டும். (முனை மழுங்காத மூலைமட்டம் கிடைப்பதுதான் கடினம்.) சில புள்ளிகளிலேயே ஒரு வட்டவில் தெரிந்துவிடும், PQ-வை 60° கோணத்தில் பார்க்கும் மேற்புறப் புள்ளிகள் அனைத்தும் அந்த வில்லில்தான் இருக்கின்றன.

இப்போது முனையை மெல்ல இறக்கி P-க்கே கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு விளிம்பு PQ-வின்மேல் படிந்துவிடும். மற்றது அடிப்பக்கத்துக்குக் கீழே 60° சாய்ந்து நிற்கும். அவள் ‘ஸ்டெப்’ என்று சொல்லும் கோணம் இதுதான். அந்த விளிம்பு வட்டத்துக்கு P-யில் தொடுகோடு. எனவே அதற்கு P-யில் வரையும் செங்குத்து வட்ட மையத்தின் வழியாகப் போயாக வேண்டும், P-க்கும் Q-வுக்கும் சமதூரத்தில் இருப்பதால் PQ-வின் மையக்குத்துக்கோட்டிலும் மையம் இருந்தாக வேண்டும். இரண்டும் வெட்டும் இடத்தில் கவராயத்தை ஊன்றுகிறோம்.

குத்துயரம் 3 செ.மீ. என்றால், PQ-வுக்கு அந்தத் தூரத்தில் வரையும் இணைகோடு வில்லை இரண்டு இடங்களில் வெட்டும். 5 செ.மீ. என்று கொடுத்துப் பாருங்கள். இணைகோடு வில்லைத் தொடவே தொடாது. ஏறக்குறைய 4.33 செ.மீ.க்கு மேல் அப்படியொரு முக்கோணமே கிடையாது என்பதையும், அந்த எல்லையில் கிடைப்பது சமபக்க முக்கோணம் என்பதையும் அவளே கண்டுபிடிப்பாள். வரைய முடியாத கணக்கு ஒன்றாவது பாடத்தில் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

நிரூபணம் பற்றிய உங்கள் அச்சத்தில் நியாயம் உண்டு. எல்லா முக்கோணமும் இருசமபக்க முக்கோணமே என்று ‘நிரூபிக்கும்’ பழைய புதிர் ஒன்று இருக்கிறது. A-யின் கோண இருசமவெட்டியும் BC-யின் மையக்குத்துக்கோடும் முக்கோணத்துக்குள்ளே சந்திப்பதாகக் கைபோன போக்கில் வரைந்த படம்தான் அதன் மூலதனம். AB-யும் AC-யும் சமமில்லாத முக்கோணத்தில் கவராயம் வைத்து ஒழுங்காக வரைந்தால், சந்திப்பு வெளியே, சுற்றுவட்டத்தின்மேல் போய் விழும். ஆனால் அங்கேதான் விழுந்தாக வேண்டும் என்பதைப் படம் சொல்லாது; அதற்கு நிரூபணம் வேண்டும். கேள்வி படத்திலிருந்து வந்துவிட்டதென்றால், விடையைத் தேடுவது சுமையாக இருக்காது.

கணினியில் வடிவியல் வரைய உதவும் ஜியோஜீப்ரா என்ற மென்பொருள் நல்ல கருவி; குத்துயரத்தை இழுத்து மாற்றி, இரண்டு விடைகள் நெருங்கி ஒன்றாகி மறைவதைப் பார்க்க அதைவிட வசதி வேறில்லை. ஆனால் ஊசியும் மூலைமட்டமும் முடிந்தபின் அதற்குப் போகட்டும். பிறகு குத்துயரத்துக்குப் பதிலாக நடுக்கோட்டின் நீளத்தைக் கொடுத்து, இணைகோட்டின் இடத்தில் இப்போது எதை வரைவாய், ஏன் என்று கேளுங்கள்.

அன்புடன்.