சினிமா கேள்வி–பதில்: பூட்டிய வீட்டுக்குள் யார்?

கேள்வி: வீட்டுக்குள் அந்நியர் புகுந்து மிரட்டும் ‘ஹோம் இன்வேஷன்’ வகைப் படங்களில் எல்லோரும் சொல்லும் நாலைந்தைப் பார்த்தாயிற்று. அதிகம் பேசப்படாத ஒன்றைச் சொல்லுங்களேன்.

பதில்: ‘ஈல்’ (2006). பிரெஞ்சுப் படம். டேவிட் மோரோ, சேவியர் பாலூ என இரட்டை இயக்குநர்கள். கதை நடப்பது ருமேனியாவில், புக்கரெஸ்ட் நகரத்தை ஒட்டிய ஸ்னகோவ் பகுதியில். பிரெஞ்சு ஆசிரியை கிளெமென்டீன், எழுத்தாளர் லூக்கா. காட்டை ஒட்டிய பெரிய பழைய வீடு, ஓர் இரவு, அவ்வளவுதான் கதை. ஆங்கிலத்தில் ‘தெம்’ என்ற பெயரில் கிடைக்கும். அதே பெயரில் 1954-இல் ராட்சத எறும்புப் படம் ஒன்று உண்டு, 2021-இல் ஒரு தொடரும் வந்தது. ஆண்டையும் சேர்த்துத் தேடாவிட்டால் எறும்போடுதான் இரவைக் கழிக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: அவ்வளவு நல்ல படம் என்றால் ஏன் கண்டுகொள்ளப்படவில்லை?

பதில்: தப்பான வரிசையில் வைக்கப்பட்டதுதான் காரணம். பிரெஞ்சுத் திகில் என்றாலே ரத்தக்களரி என்று பெயரெடுத்த காலம் அது. அந்த எதிர்பார்ப்போடு வந்தவர்களுக்கு இதில் ரத்தம் போதவில்லை. ரத்தத்துக்குப் பயந்தவர்களோ கிட்டேயே வரவில்லை. பிறகு 2008-இல் ‘தி ஸ்ட்ரேஞ்சர்ஸ்’ ஓடியதும் ‘அதே மாதிரி இன்னொன்று’ என்ற முத்திரை விழுந்தது. திரைக்கு முதலில் வந்தது என்னவோ ‘ஈல்’தான்.

கேள்வி: நீங்கள் சொல்லும் படத்தை ஏற்கெனவே பார்த்தேன். முக்கால் மணி நேரம் இருட்டில் ஓடுகிறார்கள், வேறொன்றும் நடக்கவில்லையே!

பதில்: ஓடுவதற்கு முன்னால் நடப்பதைத் தவறவிட்டிருக்கிறீர்கள். மொத்தப் படமே ஏறத்தாழ 75 நிமிடம். அதில் கணிசமான நேரம் அந்த ஜோடி வீட்டுக்குள் சும்மா புழங்குவதற்கே செலவாகிறது. மாடிப்படி எங்கே, பாதி வேலையோடு நிற்கும் பரண் அறை எங்கே என்பதெல்லாம் நமக்கே தெரியாமல் மனதில் பதிந்துவிடுகிறது. விளக்கு அணைந்த பிறகு திரையில் ஒன்றும் தெரியாவிட்டாலும், எந்தப் பக்கம் போனால் முட்டுச்சுவர் என்று நமக்குத் தெரியும். அந்த அறிவுதான் பயமாக மாறுகிறது. வீட்டின் அமைப்பைச் சொல்லாமலே துரத்தலைத் தொடங்கும் படங்களில் இந்தப் பயம் வருவதில்லை, வெறும் சத்தம்தான் வரும்.

தொல்லைகள் வரும் வரிசையையும் கவனியுங்கள். தொலைபேசி மணி, வெளியே நிற்கும் கார், தானாக உயிர்பெறும் டிவி, பிறகு மின்சாரம். ஒவ்வொரு அடியிலும் இவர்கள் கையிலிருந்து ஏதோ ஒன்று போகிறது. வந்தவர்களை நாம் பார்ப்பதோ தலையை மூடிய உருவமாக, டார்ச் வெளிச்சமாக, ஒரு விசித்திரக் கடகடப்பு ஒலியாக மட்டுமே. பரணில் தொங்கும் பிளாஸ்டிக் விரிப்புகளுக்கு நடுவே வரும் காட்சியில் ஆளும் நிழலும் ஒன்றுபோலத் தெரியும். அந்த விரிப்புகளை ஒளிவிடும் சுவராக மாற்றிய அந்தச் சில நிமிடங்களுக்காகவே படத்தை இன்னொரு முறை பார்க்கலாம். யார் வந்தார்கள் என்பதை இங்கே உடைக்கப்போவதில்லை.

இரண்டாம் முறை பார்க்கும்போது டிவியைக் கொஞ்சம் சரிசெய்துகொள்ளுங்கள். அசைவை வழவழப்பாக்கும் ‘மோஷன் ஸ்மூத்திங்’ வசதியை அணைக்கவும். திரையின் மேலும் கீழும் உள்ள கறுப்புப் பட்டை சாம்பல் நிறமாகத் தெரிந்தால் பிரைட்னஸ் அதிகம். உடையின் மடிப்பே தெரியாமல் கறுப்பில் கரைந்துபோனால் குறைவு. ‘நைட் மோட்’ ஒலி வேண்டாம்: அது மெல்லிய சத்தத்தைத் தூக்கி, பெரிய சத்தத்தை அமுக்கி, இரண்டையும் ஒன்றாக்கிவிடும். இணையத்தில் பார்த்தால் உயர்ந்த தரத்தைத் தேர்ந்தெடுங்கள். தரம் குறைந்தால் இருட்டுப் பகுதிகள் கட்டம் கட்டமாக உடையும். டப்பிங்கைவிட சப்டைட்டில் மேல், வசனமும் குறைவுதான்.

கேள்வி: ‘உண்மைச் சம்பவம்’ என்று படத்தில் போடுகிறார்களே, நிஜமா?

பதில்: அதையும் கதையின் ஒரு கருவியாக எடுத்துக்கொள்வதே பத்திரம். ‘ஃபார்கோ’ (1996) படத்திலும் அப்படித்தான் போட்டார்கள். அந்தக் கதை பெரும்பாலும் கற்பனை.

கேள்வி: கைபேசி வந்த பிறகு இந்த வகைக் கதை எப்படித் தாக்குப்பிடிக்கிறது? போலீஸுக்கு ஒரு அழைப்பு, கதை முடிந்ததே?

பதில்: ‘சிக்னல் இல்லை’ என்ற சோம்பேறி வசனம் ஒரு வழி. நல்ல வழியைப் பார்க்க ‘ஹஷ்’ (2016) இருக்கிறது. நாயகிக்குக் காது கேட்காது, பேசவும் முடியாது. வந்தவன் அவளுடைய கைபேசியைத் திருடி, அவளையே படமெடுத்து, அவளது லேப்டாப்புக்கு அனுப்புகிறான். பிறகு மின்சாரத்தை வெட்டுகிறான், இணையமும் போகிறது. உதவிக்கான கருவியே மிரட்டும் கருவியாவதால் ‘ஏன் கூப்பிடவில்லை’ என்று நமக்குக் கேட்கத் தோன்றுவதில்லை.

கேள்வி: ஒரே வீட்டில், மூன்றே நடிகர்களோடு 10 நிமிடத் திகில் குறும்படம் எடுக்கப்போகிறோம். எங்கே சறுக்கும்?

பதில்: முதலில் வரைபடத்தில். வீட்டின் தளப்படத்தைத் தாளில் வரைந்து கதவு எந்தப் பக்கம் திறக்கும், சுவிட்ச் எங்கே என்று குறியுங்கள். வில்லன் ஃபிரேமில் இல்லாத காட்சியிலும் அவன் எங்கே நிற்கிறான் என்று பென்சிலால் புள்ளி வையுங்கள். சமையலறையில் இருந்தவன் வழியே இல்லாமல் படுக்கையறையில் முளைத்தால் பார்ப்பவர்கள் பயப்பட மாட்டார்கள், சிரிப்பார்கள். பின்னால் பயன்படப்போகும் கதவை முன்னாலேயே, விளக்கு எரியும்போது, அறை முழுதும் தெரியும் வைட் ஷாட்டில் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

அடுத்தது இருட்டு. விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓ-வைக் கூட்டினால் கிடைப்பது இருட்டு அல்ல, புள்ளிப்புள்ளியாகக் கலங்கிய படம். பின்னணியில் ஒரு ஜன்னலுக்கோ சுவருக்கோ மெல்லிய வெளிச்சம் கொடுத்து, ஆளை அதன் முன் நிழலுருவாக நிறுத்துங்கள். ஃபிரேமில் சின்னதாக ஒரு பிரகாசமான இடம் இருந்தால் மற்றதெல்லாம் கும்மிருட்டாகத் தோன்றும்.

பெரும்பாலான குறும்படங்கள் சாவது ஒலியில். ஒவ்வொரு அறையிலும் யாரும் பேசாமல் ஒரு நிமிட ‘ரூம் டோன்’, அதாவது அந்த அறையின் இயல்பான மெல்லிய ஒலியை, பதிவுசெய்யுங்கள். அது இல்லாவிட்டால் எடிட்டிங்கில் ஒவ்வொரு வெட்டும் காதில் குத்தும். ஃபிரிட்ஜ் இரைச்சலுக்காக அதை அணைப்பவர்கள், வண்டிச் சாவியை அதற்குள்ளே வைத்துவிடுங்கள். மறுபடி போடாமல் வீட்டுக்குப் போக முடியாது. காலடி, தாழ்ப்பாள் ஓசைகளைத் தனியே மைக்கைக் கிட்டே வைத்து எடுங்கள். திடுக்கிட வைக்கும் இடத்துக்கு முன் பின்னணி இசை ஏறிக்கொண்டே போனால், வரப்போவதை நீங்களே தண்டோரா போட்டதாகிவிடும்.

கேள்வி: ரத்தமே வேண்டாம், பயம் மட்டும் வேண்டும். பழைய படமானாலும் சரி.

பதில்: ‘வெய்ட் அன்டில் டார்க்’ (1967). ஆட்ரி ஹெப்பர்ன் பார்வையற்ற பெண்ணாக நடித்து ஆஸ்கர் பரிந்துரை பெற்ற படம். தன் வீட்டு பல்புகளை அவளே உடைத்து, வந்தவனையும் தன் இருட்டுக்குள் இழுக்கிறாள். படம் வந்தபோது கடைசி நிமிடங்களில் தியேட்டர் விளக்குகளையும் ஒவ்வொன்றாகக் குறைத்தார்கள். வீட்டில் பார்ப்பவர்கள் கடைசிக் கால் மணி நேரத்துக்காவது ஹால் விளக்கை அணைத்து, கைபேசியைக் கவிழ்த்து வைக்கவும்.